தொட்டால் சுளீர்

பினாங்குத் தீவில், கை கொடுப்பதற்கு முன்னால் குலதெய்வத்தைக் கும்பிட்டுக்கொள்ள வேண்டிய மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் ஏர்கோன் அண்ணே. அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டைக்கும் மாதா கோயில் பாதருக்கும் மட்டும் தெரியும். ஆயர் ஈத்தாம் பாசாரில் மீன் விற்கிற சீனர் முதல் எங்கள் ஆபீஸ் மேனேஜர் வரை எல்லாருக்கும் அவர் ஏர்கோன் அண்ணேதான். வேன் வைத்து வீடு வீடாகப் போய் ஏர்கோன் என்கிற ஏசி மெஷினை மாட்டுவது, கழுவுவது, ரிப்பேர் பார்ப்பது அவர் பிழைப்பு.

நான் அப்போது டவுனில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி. வாடகைக்கு அறை தேடி அலைந்துகொண்டிருந்தபோது ஒருவர் சொன்னார், "ஆயர் ஈத்தாம்ல ஒரு அண்ணே வீட்டுல மாடி ரூம் காலி. ஏர்கோன் சும்மா போட்டுக்கலாம்லா." பினாங்கு வெயிலில் வெந்துகொண்டிருந்தவனுக்கு இது கசக்குமா? மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். அந்த அறை ஏன் காலியாகவே கிடந்தது என்று கேட்கிற புத்தி எனக்கு இல்லை.

அடேயப்பா, அது வீடா? ஹாலில் இரண்டு ஏர்கோன், ஒவ்வொரு அறையிலும் ஒன்று, சமையலறையில் ஒன்று. புதுசு மாட்டச் சொல்கிறவர்கள் பழசைத் தூக்கிப் போடச் சொல்வார்கள். அண்ணேக்கு மனசு வராது. "நல்லா ஓடுற சாமான்டா தம்பி, குப்பையில போட்டா பாவம்" என்று வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டிவிடுவார். குளிர் ஒரு பொட்டுக்கூட வெளியே போகக்கூடாது என்று ஜன்னல்களையெல்லாம் சாத்தி, இடுக்கில் பசை பூசி அடைத்திருந்தார். தரை சில்லிடுகிறது என்று நைலான் கம்பளம். அவர் போடுவதெல்லாம் ஏர்கோன் கம்பெனிக்காரர்கள் சும்மா கொடுத்த பாலியஸ்டர் பனியன். வெளியே ஊர் வேர்த்து ஊற்றும். உள்ளே நான் கம்பளி போர்த்திக்கொண்டு நாசி லெமாக் சோறு சாப்பிடுவேன்.

முதல் நாள் சாயங்காலம் என் அறைக் கதவுக் குமிழைத் தொட்டேன். சுளீர்! விரல் நுனியில் தேள் கொட்டிய மாதிரி இருந்தது. அலறிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணே கீழேயிருந்து சாவகாசமாகக் குரல் கொடுத்தார். "அடிச்சிருச்சா? பயப்படாத. சின்ன அடிதான்."

"என்னாண்ணே இது? கதவுல கரண்டு இருக்கு!"

"கதவுல மட்டும் இல்ல, ஐஸ் பெட்டியிலயும் அடிக்கும். நாம கதவத் தொட்டா அடிக்கும். கதவத் தொட்டவன நாம தொட்டாலும் அடிக்கும். பழகிரும்லா."

எனக்குப் பழகவில்லை. கம்பளத்தில் நாலு அடி நடந்து எதைத் தொட்டாலும் சுளீர். குழாயைத் தொட்டால் சுளீர். கம்பளியை உதறினால் பொரி பொரியாகச் சத்தம். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டியின் பூனை ஒரு நாள் வழிதவறி உள்ளே வந்து கம்பளத்தில் புரண்டது. பாசத்தோடு அதன் மூக்கைத் தடவினார் அண்ணே. அது போட்ட சத்தத்தில் ஆன்ட்டி ஓடி வந்தார். பூனை அதற்கப்புறம் எங்கள் வீட்டு மதிலில்கூட நடந்ததில்லை. ஆன்ட்டி சீனப் பெருநாளைக்கு ஆரஞ்சுப்பழம் கொண்டுவந்தாலும் கையில் தரமாட்டார், வாசலில் வைத்துவிட்டு ஓடுவார். ஒரு தடவை மறந்துபோய் அண்ணே கையில் கொடுத்துவிட்டு, "அலாமாக்! நீ ஆளா, பேட்டரியா?" என்று திட்டிக்கொண்டே போனார்.

அண்ணே இந்த விஷயத்தைச் சும்மா விட்டவர் இல்லை. வயர்காரரைக் கூப்பிட்டு வீடு முழுக்கச் சோதித்தார். ஒரு கோளாறும் இல்லை. அப்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது.

"தம்பி, ஈரக் கையோட சுவிட்ச தொட்டா என்னாகும்?"

"ஷாக் அடிக்கும்."

"அதேதான்! ஈரம் இருந்தா கரண்டு அடிக்கும். இந்த ஊரு பூரா ஈரம். மலை அடிவாரம் வேற. வீட்டுல எங்கியோ ஈரம் பதுங்கியிருக்கு. அத விரட்டணும்."

விரட்டினார். ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்றை வாங்கிவந்து ஹாலில் வைத்தார். வாளி வாளியாகத் தண்ணீர் எடுத்தது. "பாத்தியா, எவ்ளோ ஈரம்!" என்று வெற்றிக் களிப்போடு அதைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் ஊற்றினார். ஷாக் இரண்டு மடங்கானது. "இன்னும் மிச்சம் இருக்கு" என்று மாடிக்கு ஒரு மெஷின் வாங்கினார். ஷாக் அடிக்கும்போது பொறி பறப்பது கண்ணுக்கே தெரிந்தது. எனக்கு உதடு வெடித்து, குதிகால் பிளந்து, தலைமுடி சீப்போடு சேர்ந்து எழுந்து நின்றது. நான் பிறந்து வளர்ந்த நாட்டில் எனக்குப் பாலைவன வாழ்க்கை அமைந்தது.

உயிர் பிழைக்க நாங்களே சில வித்தைகளைக் கண்டுபிடித்தோம். எந்தக் கதவையும் தொடுவதற்கு முன்னால் சாவியால் குமிழில் ஒரு தட்டு. பொறி சாவிக்குப் போய்விடும், விரலுக்கு வலிக்காது. அண்ணே கைலியில் எப்போதும் ஒரு சாவியைச் செருகிக்கொண்டே திரிவார். வந்தவர்களுக்கு அவர் கை கொடுப்பதில்லை, தூரத்திலிருந்து ஒரு கும்பிடு. நான் கம்பெனியில் ஓசியாகக் கிடைத்த காலண்டரைக்கூட அவர் கையில் கொடுக்காமல் மேசைமேல் வைத்துத் தள்ளிவிடுவேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஆளை ஆள் தொடாமல் வாழ்ந்தோம்.

இப்படி இருந்த மனிதரை விதி கெலுகோரில் ஒரு வீட்டுக்கு ஏர்கோன் கழுவ அனுப்பியது.

அன்றைக்குத் திரும்பி வந்தவர் சாப்பிடவில்லை. ஹாலில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாண்ணே, ஒடம்பு சரியில்லையா?"

"தம்பி, ஃபில்டர் கழுவியிருந்துச்சுடா."

"என்னது?"

"இத்தன வருஷ சர்வீஸ்ல, மூடியத் தொறந்தா தூசி மூஞ்சில கொட்டும். எந்த வீட்டுலயும் ஒருத்தனும் ஃபில்டர கழுவ மாட்டான். அந்த வீட்டுல தொறந்தேன், பளிச்சுன்னு இருக்கு. அவங்களே மாசா மாசம் கழட்டிக் கழுவுறாங்களாம். பேரு பிலோமினா."

பாவி மனுஷனுக்குக் காதல் வந்துவிட்டது! நாற்பத்தைந்து வயதில், ஏர்கோன் ஃபில்டரைப் பார்த்து! பிலோமினா அக்காவுக்கு நாற்பது இருக்கும். பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் லைன் லீடர். தகப்பனார் இறந்தபின் தம்பிமார்களைப் படிக்கவைத்து, கல்யாணம் செய்துவைத்து, தனக்கு என்று பார்க்க மறந்துபோனவர். அண்ணே அந்த ஏர்கோனை வாராவாரம் போய்க் கழுவினார். கழுவ ஒன்றும் இல்லாதபோது உற்றுப் பார்த்துவிட்டு வந்தார். அக்காவுக்குப் புரியாமலா இருக்கும்? ஒரு நாள் அவரே கேட்டுவிட்டார், "அண்ணே, ஏர்கோனுக்கு ஒண்ணும் இல்ல. உங்களுக்குத்தான் என்னமோ. எங்க அம்மாகிட்ட பேசுறீங்களா?"

பேசினார். மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க அம்மாவும் மகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தார்கள். முதல் நாளே அண்ணே எல்லா மெஷினையும் முழு வேகத்தில் ஓடவிட்டு வீட்டை முறுக்கு மாதிரி காயவைத்திருந்தார். அம்மா பட்டுப்புடவை முந்தானையால் தோளை மூடிக்கொண்டு நடுங்கினார்கள். அண்ணே தானே கோப்பி கலக்கி, கம்பளத்தில் நடந்து வந்து, வழக்கம்போல மேசைமேல் வைத்துத் தள்ளாமல், மரியாதைக்காக அம்மாவின் கையிலேயே கோப்பையைக் கொடுத்தார்.

சுளீர்!

கோப்பி பட்டுப்புடவையில். கோப்பை கம்பளத்தில். அம்மா எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

"அடி பிலோமி! இந்த வீட்டுல என்னமோ இருக்குடி! வா போலாம்!"

எனக்கு அண்ணேயின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. ஆனால் பிலோமினா அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். எழுந்து கதவுக் குமிழை ஒரு விரலால் தொட்டார். சுளீர். ஐஸ் பெட்டியைத் தொட்டார். சுளீர். குழந்தை புதுப் பொம்மையைப் பார்க்கிற மாதிரி வீட்டைச் சுற்றி வந்தார்.

"பேயும் இல்ல, பிசாசும் இல்லம்மா. காத்து காஞ்சு போச்சு. எங்க ஃபேக்டரில காத்த இப்படிக் காய விடவே மாட்டாங்க. காஞ்சா ஆளு ஒடம்புல கரண்டு சேந்துரும், தொட்டா நாங்க செய்ற சில்லு செத்துரும். ஈரம் குறைஞ்சா நாங்க மெஷின் வச்சு ஈரத்த உள்ள விடுவோம்."

"ஈரத்த உள்ளயா?" அண்ணே குறுக்கே வந்தார். "கரண்டு இருக்கிற எடத்துல ஈரத்த விடுறதா? சின்னப் பிள்ளைக்கே தெரியும்லா, ஈரம் பட்டா ஷாக் அடிக்கும்னு!"

"அது சுவத்துல இருக்கிற கரண்டு. இது உங்க கம்பளத்துல உராஞ்சு வர்ற கரண்டு. ஜன்னலத் தொறங்க, சரியாயிரும்."

அங்கேதான் வந்தது வினை. ஏர்கோன்காரரிடம் ஜன்னலைத் திறக்கச் சொல்வது, மீன்காரரிடம் மீனைக் கடலில் விடச் சொல்வதுதான். அண்ணேயின் முகம் இறுகிப்போனது.

"ஏர்கோன்காரன் வீட்டுல ஜன்னல் தொறந்து கெடந்தா, நாளைக்கி எவன் எனக்கு வேலை குடுப்பான்? மானம் போயிரும்."

"அப்ப சரி. ஜன்னல் தொறந்த அன்னிக்குச் சொல்லி அனுப்புங்க, வர்றேன்" என்று சொல்லிவிட்டு, அம்மாவை அழைத்துக்கொண்டு அக்கா போய்விட்டார். கோபமில்லை, பிடிவாதம்தான். இரண்டு பேரும் பிடிவாதத்தில் ஒரே அச்சு. நல்ல ஜோடிதான் என்று எனக்கு அப்போதே பட்டது.

அண்ணே தோல்வியை ஒப்புக்கொள்வாரா? ஃபேக்டரியில் கையில் வார் கட்டி வயர் மாட்டிக்கொண்டு உட்கார்வார்கள், உடம்பில் சேர்ந்த கரண்டு அதில் இறங்கிவிடும் என்று எங்கேயோ கேட்டுக்கொண்டு வந்தார். பழைய வாட்ச் வாரில் ஒரு நீள வயரைச் சுற்றினார். ஒரு முனை மணிக்கட்டில், மறுமுனை சமையலறைக் குழாயில். கொல்லையில் கட்டிய ஆடு மாதிரி வீட்டுக்குள் வளைய வந்தார். ஹாலுக்கு வரும் அளவுக்கு வயர் இருந்தது, வாசலுக்குப் போதவில்லை. யாராவது வந்தால், "உள்ள வாங்க, எனக்கு அங்க எட்டாது" என்று கூப்பிடுவார். நான் ஒரு நாள் அந்த வயரில் தடுக்கி விழுந்து, இழுபட்ட அண்ணே சோபாவோடு சாய்ந்து, இரண்டு பேரும் கம்பளத்தில் கிடந்தோம்.

அண்ணே வார் கட்டிய கையைப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினார். பாராட்டு வரும் என்று நினைத்தார் போல. உடனே போன் வந்தது. நாலடி தள்ளி நின்ற எனக்கே அக்காவின் குரல் கேட்டது.

"அறிவிருக்கா உங்களுக்கு? எங்க வாருல பாதுகாப்புக்கு ஒரு சாமான் வச்சிருப்பாங்க. உங்களோடது வெறும் வயரு! அதக் கட்டிக்கிட்டு ஒரு கெட்டுப்போன சுவிட்ச தொட்டீங்கன்னா நேரா மேலதான்! நான் ஜன்னலத் தொறக்கத்தான சொன்னேன், சாகச் சொன்னேனா? கழட்டுங்க மொதல்ல!"

அண்ணே கழற்றினார். திட்டு வாங்கிய முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. தான் செத்துவிடக்கூடாது என்று கவலைப்பட ஒரு ஆள் இருப்பது அவருக்குப் புதுசு.

ஆனால் ஜன்னல் திறக்கவில்லை. வாரங்கள் ஓடின. ஒரு சனிக்கிழமை காலை அக்காவிடமிருந்து செய்தி வந்தது. அண்ணே போனை மேசைமேல் வைத்து என் பக்கம் தள்ளினார். 'அம்மா வேற இடம் பாத்துட்டாங்க. பட்டர்வொர்த் ஆளு. நாளைக்கி வீட்டுக்கு வராங்க. நான் என்னா சொல்லட்டும்?'

எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, ஒரு ஜன்னல். ஒரே ஒரு ஜன்னல். தொறந்தா உங்க தலையா போயிரும்?"

"வாயக் கழுவு. அவங்க சொல்றது தப்பா இருந்து, ஈரம் உள்ள வந்து, நாளைக்கி அந்தப் பிள்ளைக்கு இன்னும் பெரிய அடியா அடிச்சா? அப்ப என்னா செய்வ நீ?"

இத்தனை நாளும் மானம், தொழில் என்று பேசியதெல்லாம் மேல்பூச்சு. மனிதர் பயந்துபோயிருந்தார். தான் தொட்டால் பிறருக்கு வலிக்கும் என்ற பயம் வருஷக்கணக்கில் அவருக்குள் ஊறிக் கிடந்திருக்கிறது. அவர் வேலைதான் வீடு வீடாகப் போய்ப் பிறரைக் குளிரவைப்பது. சொந்த வீட்டில் அவரால் ஒரு பூனையைக்கூடத் தடவிக் கொடுக்க முடியவில்லை.

அன்று மத்தியானம் மலைப் பக்கம் இடி இடித்து, மழை கொட்டி, கரண்டு போய்விட்டது. அத்தனை மெஷினும் ஒரே மூச்சில் அடங்கின. அந்த வீட்டில் நான் முதன்முதலாக மழைச் சத்தத்தைக் கேட்டேன். கொஞ்ச நேரத்தில் மூச்சு முட்டியது. காற்றுப் போக வழியே இல்லையே! சமையலறைக் கத்தியை எடுத்து வந்து ஜன்னல் இடுக்குப் பசையைச் சுரண்ட ஆரம்பித்தேன். அண்ணே தடுக்கவில்லை. "கத்திய அப்படிப் பிடிக்காதடா, கைய வெட்டிக்குவ" என்று வாங்கி, தானே சுரண்டினார். ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தது. மண் வாசனையும் மழைச் சாரலும் உள்ளே வந்தன. கம்பளம் நசநசத்தது.

சாயங்காலம் அண்ணே சாவியை மறந்து கதவைத் தொட்டுவிட்டார். ஒன்றும் ஆகவில்லை. திடுக்கிட்டுக் கையைப் பார்த்தார்.

"அண்ணே! அடிக்கல!"

"கரண்டு இல்லைல்ல, அதான் அடிக்கல" என்றார். ஆனாலும் குரலில் பழைய உறுதி இல்லை.

அப்போது பார்த்துக் கரண்டு வந்தது. விளக்கு எரிந்தது, ஐஸ் பெட்டி உறுமியது, ஹாலில் இருந்த ஏர்கோன்கள் 'பீப்' என்று ஒன்றாகக் கூப்பிட்டன. அண்ணே பழக்கத்தில் ரிமோட்டைக் கையில் எடுத்துவிட்டார். ஜன்னல் வழியாக மழையைப் பார்த்தார். ரிமோட்டைப் பார்த்தார். அப்புறம் அதை மேசைமேல் குப்புற வைத்துவிட்டு, ஈரம் உறிஞ்சும் மெஷினின் வயரையும் பிடுங்கினார். கம்பளத்தில் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்துபோய், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, உறுமிக்கொண்டிருந்த ஐஸ் பெட்டியைத் தொட்டார்.

ஒன்றும் இல்லை.

குழாயைத் தொட்டார். குமிழைத் தொட்டார். என்னிடம் வந்து கையை நீட்டினார். இத்தனை நாள் பழக்கத்தில் நான் பின்வாங்கினேன். பிறகு கொடுத்தேன். சும்மா ஒரு கை, ஏர்கோன் கழுவிக் கழுவிக் காய்த்துப்போன, சூடான கை. விடாமல் பிடித்துக்கொண்டார்.

"அப்ப, இவ்ளோ நாளா நான்தான் காசு குடுத்து ஷாக் வாங்கியிருக்கேன்" என்றார்.

"ஆமாண்ணே."

"வெளிய சொல்லாத." உடனே போனை எடுத்தார். நீளமாக ஏதோ சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். "பிலோமி, ஜன்னல் தொறந்திருக்கு" என்று மட்டும் சொன்னார். மறுநாள் பட்டர்வொர்த் மாப்பிள்ளைக்கு அக்கா கோப்பி கொடுத்து மரியாதையாக அனுப்பிவைத்ததாகக் கேள்வி.

கல்யாணத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம் சேரும். மாதா கோயிலில் நல்ல ஏர்கோன், அண்ணே கையால் மாட்டியது. அன்றைக்கு அதைப் போடவே கூடாது என்று பாதர் காலில் விழாத குறையாகக் கேட்டு நிறுத்திவிட்டார். ஊரிலேயே ஏர்கோன்காரர் கல்யாணத்தில்தான் ஏர்கோன் இல்லை! விருந்தாளிகள் பாட்டுத்தாளை மடித்து விசிறினார்கள். மாமியாரின் பட்டுப்புடவை இந்த முறை வேர்வையில் நனைந்தது. சீன ஆன்ட்டி பின்வரிசையில் பாதுகாப்பான தூரத்தில் உட்கார்ந்திருந்தார்.

மோதிரம் போடும் நேரம் வந்தது. அண்ணே கோட்டுப் பையில் கைவிட்டார். மோதிரத்துக்கு முன்னால் ஒரு சாவி வந்தது. பழக்கம் விடுமா? பீடத்துப் பித்தளை மெழுகுவர்த்தித் தண்டில் சாவியால் 'டிங்' என்று ஒரு தட்டு. பாதர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அண்ணே ஒரு விரலால் அக்காவின் கையைத் தொட்டார்.

"ஆ!" என்று துள்ளினார் பிலோமினா அக்கா.

கோயிலே மூச்சை நிறுத்தியது. அண்ணேயின் முகத்தில் ரத்தமில்லை. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அக்கா அந்தக் கையை எட்டிப் பிடித்து, "சும்மா சொன்னேன்லா" என்றார். அவ்வளவுதான், பாதர் முதற்கொண்டு சிரித்தோம். பின்வரிசையில் ஆன்ட்டி எழுந்து நின்று கைதட்டினார். அண்ணேயும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. பூசை முடியும்வரை அந்தக் கையை அவர் விடவில்லை.

இப்போது அந்த வீட்டில் ஒரே ஒரு ஏர்கோன். அதையும் அக்கா நினைத்தால்தான் போடலாம். கம்பளம் போய்ப் பாய் வந்துவிட்டது. போன முறை நான் போயிருந்தபோது அண்ணே பருத்திப் பனியனோடு விசிறிக்கொண்டிருந்தார், மடியில் ஆன்ட்டியின் பூனை.

எனக்குக் கோலாலம்பூருக்கு மாற்றலாகிவிட்டது. இங்கே ஆபீஸில் கம்பளம், நாள் முழுக்க ஏர்கோன். எப்போதாவது மீட்டிங் அறைக் கதவைத் தொடும்போது சுளீர் என்று ஒரு அடி விழும். மற்றவர்கள் கையை உதறிக்கொண்டு கட்டடத்தைத் திட்டுவார்கள். நான் விரலைத் தடவிக்கொண்டு, யார் காதிலும் விழாமல் கேட்பேன்: "என்னாண்ணே, நல்லா இருக்கீங்களா?"